வருகைப் பதிவேடும் உரக்கடைப் பேரேடும்: பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு வணிகவியல் துறை

## பின்னணி

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி. அதன் வணிகவியல் துறையில் 2020 மார்ச்சுக்கும் 2022 தொடக்கத்துக்கும் இடையில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் கல்வியியல் துறையைச் சேர்ந்தவன். அந்தக் கல்லூரியில் வேலை பார்த்ததில்லை. 2022 இறுதியில் அந்தத் துறை ஆசிரியர்களோடும் சில மாணவர்களோடும் பேசி, அவர்கள் வைத்திருந்த குறிப்புகளையும் பார்த்து எழுதியது இது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உதவிபெறும் கல்லூரியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வு விளங்காது. ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம், ஆனால் ஆசிரியர்கள் இரண்டு வகை. உதவிபெறும் பிரிவினருக்கு அரசுச் சம்பளம், பணிப் பாதுகாப்பு. சுயநிதிப் பிரிவினருக்கு நிர்வாகம் தரும் தொகுப்பூதியம். அது மாணவர் கட்டணத்திலிருந்து வருவது. கட்டணம் நின்றால் அதுவும் தடுமாறும். இரு பிரிவுக்கும் பொதுவாக ஒரு துறைத்தலைவி இருந்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே பாக்கி.

மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். விவசாயக் கூலி, சிறு நிலம், மீன்பிடி என்று இருக்கிற வீடுகள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது இதே ஆசிரியர்கள் அரிசி மூட்டையும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். ஆபத்து என்றால் நேரில் போய் நிற்பது அவர்களுக்குத் தெரிந்த வழி. இந்த முறை அந்த வழிதான் முதலில் அடைபட்டது.

## மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

2020 மார்ச் 17 முதல் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரலில் வரவேண்டிய பருவத் தேர்வு வரவில்லை. ஆகஸ்டில் அரியர் வைத்திருந்தவர்களும் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்தது. முதலமைச்சரை வாழ்த்திப் பதாகை வைத்த மாணவர்களும் உண்டு. ஆசிரியர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகிறது.

இணையவழி வகுப்பு தொடங்கியதும் துறை செய்தவை எல்லாக் கல்லூரியிலும் நடந்தவைதான். பாடக்குறிப்பு பி.டி.எஃப்.-ஆக வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. பிறகு கூகுள் மீட். அறுபது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் பதினைந்து இருபது வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. "கேக்குதாம்மா? யாராவது பதில் சொல்லுங்க" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

அந்த மாதங்களின் நிர்வாக அறிக்கைகளில் ஒரு சிக்கலும் தெரியாது. நடத்திய வகுப்புகள், முடித்த அலகுகள், அனுப்பிய இணைப்புகள், எல்லாம் சரி. ஆசிரியர் குழுவிலும் காலை வணக்கப் படங்களும் தன்னம்பிக்கை வாசகங்களும் குறைவின்றி வந்தன. ஆனால் தனித்தனியாகத் துறைத்தலைவிக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் விஷயம் வேறாக இருந்தது. ஓர் ஆசிரியை வகுப்பு முடிந்ததும் அழுகிறார். இன்னொருவருக்குக் கோபம்: "இதுங்க சும்மா லாகின் பண்ணிட்டுத் தூங்குதுங்க மேடம்." அடக்கவிலைக் கணக்கியல் நடத்தும் மூத்த ஆசிரியர், துறையிலேயே கண்டிப்பானவர், திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். காணொளி பதிவு செய்து அனுப்பினார், அதோடு சரி. கரும்பலகை இல்லாமல் அவருக்குக் கை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதைச் சக ஆசிரியர் ஒருவர்தான் என்னிடம் சொன்னார்.

## முதல் முடிவு: வெள்ளிக்கிழமை அழைப்பு

கல்லூரி அப்போது அடுக்கடுக்காக இணையவழிப் பயிற்சிகள் நடத்திக்கொண்டிருந்தது. எந்தச் செயலியை எப்படி இயக்குவது என்று சொல்லித்தரும் பயிற்சிகள். துறைத்தலைவி அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன் ஆட்களுக்குச் செயலி தெரியாதது முக்கியச் சிக்கல் இல்லை என்று அவருக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப் குரல் அழைப்பு ஒன்றைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில்தான் குழு அழைப்பில் எட்டுப் பேர் வரை சேரலாம் என்றாகியிருந்தது. எட்டுக்கு மேல் அப்போது முடியாது, அதனால் பெரிய கூட்டமாகவும் ஆகாது. வர விருப்பமுள்ளவர் வரலாம். குறிப்பு எழுதுவதில்லை, முதல்வருக்கு அறிக்கை போவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அந்த வாரம் வகுப்பு உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள், மற்றவர் யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

ஏன் யோசனை வேண்டாம்? "யோசனை சொல்ல ஆரம்பிச்சா எல்லாரும் நல்ல பேரு வாங்கப் பாப்பாங்க சார்," என்றார் என்னிடம்.

முதல் சில வாரம் பேச்சு ஒப்புக்கு நடந்தது. சிக்னல், டேட்டா, மாணவர் வரவில்லை. பிறகுதான் இளைய ஆசிரியை ஒருவர், உதவிபெறும் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், கைக்குழந்தைக்காரர், வராத பிள்ளைகள்மேல் தனக்கு வரும் கோபத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு மாணவியை அழைத்துத் திட்டியிருக்கிறார். அந்தப் பெண் சொன்ன பதில்: "மேம், போன் அப்பாகிட்ட இருக்கு. அவரு வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆயிடும்." அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. கோபம் வரும் இடத்தில் ஒரு கூச்சம் வருகிறது, அதை வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு வகுப்பெடுக்க முடியவில்லை என்றார்.

## என்ன மாறியது: எட்டரை மணிப் பாடம்

அவர் நேரலை வகுப்பை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, இரவு எட்டரை மணிக்கு ஏழெட்டு நிமிடக் குரல்பதிவுகளை அனுப்பத் தொடங்கினார். டேட்டா குறைவாகச் செலவாகும், போன் வீட்டில் இருக்கும் நேரம். இவை வெளிப்படையான காரணங்கள். இன்னொன்றை அவரே சில வாரம் கழித்துத்தான் உணர்ந்தார்: அந்த நேரத்தில் அந்தப் பதிவை வீடே கேட்கிறது. உடனே அவர் பேசும் விதம் மாறியது. தேய்மானம், அதாவது ஒரு சொத்து பழசாகப் பழசாக அதன் மதிப்பைக் கணக்கில் குறைப்பது, பற்றிய பாடத்தில் பாடநூலின் இயந்திரத்தை விட்டுவிட்டுத் தையல் மிஷினை எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு மாணவியின் எண்ணிலிருந்து அவளுடைய அம்மாவின் குரல்: "டீச்சர், ஆடு வாங்கி வச்சிருக்கோம். அதுவும் இந்தக் கணக்குல வருமா?"

ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தார். வேளாண்மைக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 41, கால்நடைகளை உயிரியல் சொத்து என்று பிரித்து வைக்கிறது. பொதுவாக அவற்றுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, விற்பனைச் செலவு போக நியாய மதிப்பில், அதாவது இன்று விற்றால் சந்தையில் கிடைக்கும் விலையில், காட்டுகிறார்கள். இளங்கலைப் பாடத்திட்டத்தில் இது கிடையாது. அடுத்த பதிவில் அதையே பாடமாக்கினார். "தையல் மிஷின் பழசாகும். ஆடு குட்டி போடும். அதனால ரெண்டுக்கும் ஒரே கணக்கு இல்லம்மா." வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளிடமிருந்து அதன்பின் குரல்பதிவுகளாகக் கேள்விகள் வரத் தொடங்கின.

இந்த இடத்தில் கொஞ்சம் கோட்பாடு சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் ஏவ்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் உணர்ச்சியிலும் படைப்பாற்றல் உண்டு என்று வாதிட்டவர். கோபமோ துக்கமோ நமக்கு வந்து விழுவது மட்டுமில்லை, சமூகத்திடம் கற்றுக்கொண்டு நாம் வனைந்துகொள்வதும்கூட என்பது அவர் நிலை. உணர்வுப் படைப்பாற்றலை அளக்க 1999இல் அவர் வெளியிட்ட 30 வினாக்கள் கொண்ட கருவி மூன்று பக்கங்களைப் பார்க்கிறது. தன் உணர்வைப் புரிந்துகொள்ள ஒருவர் எவ்வளவு மெனக்கெடுகிறார், அவர் உணரும் விதத்தில் புதுமை இருக்கிறதா, அது பயனுள்ளதாகவும் அவருடையதாகவும் இருக்கிறதா. கடைசிப் பகுதி முக்கியம். மகிழ்ச்சியாக நடிப்பது இதில் சேராது. அந்த ஆசிரியை தன் எரிச்சலை அடக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. அதை உற்றுப் பார்த்ததில் வகுப்பின் நேரமும் மொழியும் கேட்பவர் யார் என்பதும் சேர்ந்து மாறின. துறையில் நடந்த தொழில்முறை மாற்றங்களில் நிலைத்தவை எல்லாம் இந்த வகைதான் என்பது என் கணிப்பு.

## உரக்கடைப் பேரேடு

சுயநிதிப் பிரிவில் நிதிக் கணக்கியல் எடுத்த ஆசிரியருக்கு 2020 மே முதல் பாதிச் சம்பளம், சில மாதம் அதுவும் இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவர். ஊரில் உறவினர் ஒருவரின் உரக்கடையில் கணக்கெழுதப் போனார். ஊரடங்கிலும் உரக்கடைகளுக்குத் தடையில்லை. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய தேதியில், மேட்டூர் அணை குறுவை நெல் சாகுபடிக்குத் திறக்கப்பட்டிருந்ததால் கடையில் வேலையும் இருந்தது. காலையில் கடை, மதியம் மாடியில் உட்கார்ந்து வகுப்பு. மாணவர்களுக்கு இது தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். தெரிந்த பையன் யாராவது கடைக்கு வந்தால் உள்ளே போய்விடுவாராம்.

வெள்ளிக்கிழமை அழைப்பில் இதை அவர் சொன்னது செப்டம்பரில். வெட்கம் என்றுதான் தொடங்கினார். பேசிக்கொண்டே போனதில், வெட்கத்தைவிடக் கோபமே அதிகம் என்பது அவருக்கே தெளிவானது. அதே துறையில், அதே பாடத்துக்கு, முழுச் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்த அழைப்பிலேயே இருந்தார்கள். அன்றைக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நிபந்தனை அப்படி. அந்த மௌனம் தனக்கு உதவியது என்று அவர் சொன்னார். உதவிபெறும் பிரிவு ஆசிரியர் ஒருவரோ, அது தன் வாழ்க்கையிலேயே தர்மசங்கடமான பத்து நிமிடம் என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில் உரக்கடை ஆசிரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கடை முதலாளியின் அனுமதியோடு, பெயர்களை மறைத்து, பேரேட்டின் பக்கங்களைப் படம் எடுத்துக் காட்டினார். யார் எவ்வளவு கடன், எத்தனை மாதமாக நிற்கிறது, இதில் எது இனி வரவே வராத வாராக்கடன், எதற்கு ஐயக்கடன் ஒதுக்கு (வருமா என்ற சந்தேகத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கும் தொகை) வைக்க வேண்டும். பாடநூலில் ஐந்து சதவீதம் என்று கொடுத்திருப்பார்கள், போட்டுவிடலாம். இங்கே அந்தச் சதவீதத்தை மாணவர்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சம்பா அறுவடை முடிந்தால் தருவார்கள் என்றான் ஒருவன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் தரமாட்டார்கள் என்றாள் ஒருத்தி. அந்த வகுப்பில்தான் சில கேமராக்கள் முதல்முறை திறந்தன என்று மாணவர்கள் சொன்னார்கள்.

நவம்பர் இறுதியில் நிவர் புயல், டிசம்பர் முதல் வாரத்தில் புரெவியின் மழை. டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் இணைப்பு இல்லை. டிசம்பரில் இறுதியாண்டினருக்கும் பிப்ரவரியில் மற்றவர்களுக்கும் கல்லூரி திறந்தது. இடையில் அரசு தினம் இரண்டு ஜி.பி. தரும் டேட்டா அட்டையைக் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கியது. மார்ச்சில் மறுபடி மூடல்.

## மே 2021

இரண்டாம் அலை. மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டாமாண்டு மாணவன் ஒருவனின் தந்தை இறந்தார். வகுப்புக் குழுவில் செய்தி வந்தது; அடுத்த சில நிமிடங்களில் கைகூப்பும் படங்களும் 'ஆர்.ஐ.பி.'களும் வரிசையாக; அதற்குக் கீழேயே உள்மதிப்பீட்டுத் தேர்வு அட்டவணை. அட்டவணையை அனுப்பியவர் அந்த மூத்த ஆசிரியர். மேலே இருந்த செய்தியை அவர் பார்த்திருக்கவில்லை.

அவர் குழுவில் வருத்தம் தெரிவித்து எழுதவில்லை. எழுதத் தெரியாது என்றார். அன்று மாலை வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வரிசை எண் ஒன்றிலிருந்து ஒவ்வொரு மாணவரையும் அழைக்கத் தொடங்கினார். தினம் ஏழெட்டுப் பேர். கேள்வி இரண்டே இரண்டு: "சாப்பிட்டியாப்பா? வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" பதில் வந்ததும் பதிவேட்டில் பென்சிலால் ஒரு குறிப்பு. பாடத்துக்கு வெளியே ஒரு வார்த்தை பேசாத மனிதர். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளை மிரட்டிய ஒரு பழக்கத்தையே அவர் விசாரிப்பாக மாற்றிக்கொண்டார். வரிசைப்படி போனதால் எந்த மாணவருக்கும் தான் தனியாகப் பரிதாபத்துக்கு ஆளாகிறோம் என்ற எண்ணம் வரவில்லை. தந்தையை இழந்த மாணவனுக்கும் அவனுடைய எண் வந்த நாளில்தான் அழைப்பு போனது. "மத்தவங்க எல்லாம் அழுதுட்டே பேசினாங்க. சார் அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரியே பேசினாரு. அதான் நல்லா இருந்துச்சு," என்றான் அவன்.

இந்த அழைப்புகளில் வேறு செய்திகளும் வந்தன. சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாணவிகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. துறைத்தலைவியும் இளைய ஆசிரியையும் அந்த வீடுகளோடு பேசினார்கள். ஒரு கல்யாணம் படிப்பு முடியும்வரை தள்ளிப்போனது, இன்னொன்று நடந்துவிட்டது, அந்தப் பெண் திரும்பவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு அப்போது அறிவித்த நிதியுதவி 18 வயது நிரம்பாதவர்களுக்கானது. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு வெளியே. ஆசிரியர்கள் சிலருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினார்கள். அதற்குமேல் துறையால் முடிந்தது குறைவு.

பென்சில் குறிப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது துறைத்தலைவி தெளிவாக இருந்தார். குடும்பத்து நோய், கடன், கல்யாணம் எல்லாம் அதில் இருந்தன. அது கல்லூரி ஆவணம் ஆகக்கூடாது என்று சொல்லி, பருவம் முடிந்ததும் அழிக்கச் செய்தார்.

## சுற்றறிக்கை

அழைப்புகள் பற்றிய பேச்சு நிர்வாகத்துக்கு எட்டியது. ஆகஸ்டில் சுற்றறிக்கை வந்தது: எல்லாத் துறைகளும் வாரம் ஒருமுறை 'மனநலப் பகிர்வு நேரம்' நடத்த வேண்டும், திரைப்பிடிப்பும் பங்கேற்றோர் பட்டியலும் இணைக்க வேண்டும், ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் இத்தனை மாணவரை அழைத்ததற்குக் கூகுள் படிவம் நிரப்ப வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கு நல்ல நடைமுறை ஒன்று தேவைப்பட்ட நேரம். நோக்கம் கெட்டதென்று சொல்லமாட்டேன்.

விளைவு இரண்டே வாரத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அழைப்பு கூகுள் மீட்டுக்கு மாறியது. எல்லோரும் வந்தார்கள், யாரும் பேசவில்லை. மூத்த ஆசிரியர் அழைப்பதை நிறுத்திவிட்டார். படிவத்தை மட்டும் ஒழுங்காக நிரப்பினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இலேயே இதை விளக்கியிருக்கிறார். உணர்ச்சி வேலை, அதாவது பணிக்காக இன்ன உணர்ச்சியைக் காட்ட வேண்டும் என்பது, கட்டாய விதியாகும்போது ஆட்கள் மேல்பூச்சாக நடிக்கத் தொடங்குகிறார்கள், அந்த நடிப்பு தரும் அலுப்பு தனி. துறையில் எனக்குக் கிடைத்த படிவங்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப இருந்தது: 'மாணவர் நலமாக உள்ளார்.'

துறைத்தலைவி சுற்றறிக்கையை எதிர்த்து எழுதவில்லை. கேட்டதை அனுப்பிவிட்டு, பழைய எட்டுப் பேர் அழைப்பை வேறு நாளில் சத்தமில்லாமல் தொடர்ந்தார். எழுத்தில் எதிர்த்திருந்தால் மற்றத் துறைகளுக்கும் பயன்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வுக்குச் சில மாதமே இருந்தவரிடம் அதை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்பது வேறு விஷயம்.

## பிறகு

2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் திறந்தன. அந்தக் கால முடிவுகளைக் காட்டி இந்த முயற்சிகள் வென்றன என்று நிறுவ முடியாது. வீட்டிலிருந்து எழுதிய தேர்வுகளின் தேர்ச்சி விகிதம் எதையும் நிரூபிக்காது, யாருக்கும். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எட்டரை மணிக் குரல்பதிவுகள் இன்னும் போகின்றன. அரியர் எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள். அவரவர் ஊர்க் கடை ஒன்றின் கணக்கைப் படித்து எழுதுவது இரண்டாமாண்டில் ஒப்படைவாகிவிட்டது. வரிசை எண் அழைப்புகள் திரும்பத் தொடங்கவில்லை. இனி ஒருமுறை தன்னால் முடியாது என்றார் மூத்த ஆசிரியர். அந்த மே, ஜூன் மாதங்களில் அவருக்குத் தூக்கமே போயிருக்கிறது. அதை வெள்ளிக்கிழமை அழைப்பில்கூட அவர் சொல்லவில்லை.

உரக்கடை ஆசிரியர் 2022 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டார். இப்போது வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் இருக்கிறார். அவர் உருவாக்கிய ஒப்படைவு பாடத்தில் இருக்கிறது, அவர் இல்லை. பேட்டி முடிந்து கிளம்பும்போது, "நல்ல ஐடியான்னு எல்லாரும் சொன்னாங்க சார். சம்பள பாக்கிய யாரும் கேக்கல," என்றார். அது இன்னும் வரவில்லை.

## எதை மாற்ற வேண்டும்

முதலில் சம்பளம். பாதி ஊதியத்தில் இருப்பவரிடம் உணர்வுப் படைப்பாற்றலை எதிர்பார்ப்பதும் அதைப் பாராட்டி அறிக்கை எழுதுவதும் சுரண்டலின் இன்னொரு வடிவமாக ஆகிவிடும். நெருக்கடிக் காலத்தில் சுயநிதிப் பிரிவுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உறுதி என்ற ஏற்பாடு இல்லாமல் மற்றவற்றைப் பேசுவதில் பொருள் குறைவு.

மாணவரை அழைக்கும் வேலை ஒரே ஆள்மேல் விழுந்ததும் மாற வேண்டும். பட்டியலைப் பிரித்துக்கொண்டிருக்கலாம், துக்கம் ஆழமாக இருக்கிற இடங்களை அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ மாவட்ட மனநலக் குழுவுக்கோ அனுப்பும் வழியை முன்பே பேசி வைத்திருக்கலாம். விசாரிக்கத் தெரிந்த ஆசிரியர் ஆலோசகர் ஆகிவிடமாட்டார். வீட்டு வேலையும் வகுப்பும் சேர்ந்து விழுந்த ஆசிரியைகள் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும்: எட்டரை மணி என்பது இளைய ஆசிரியையின் வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்கிற நேரமும்தான், பல நாள் குளியலறையில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பணிச்சுமைக் கணக்கில் இடம் கிடையாது.

வெள்ளிக்கிழமைப் பேச்சு வேண்டும், ஆனால் ஆவணம் வேண்டாம். புதிய துறைத்தலைவர் கால அட்டவணையில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று கேட்டிருக்கிறார். குறிப்பெழுதாத, படம் எடுக்காத ஒரு மணி நேரம், இரு பிரிவினரும் சேர்ந்து. ஒரு பருவத்துக்கு மட்டும் முதல்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.